சயாம் ரயில்பாதைப் பெயர்ப் பட்டியலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் ராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பெயர்ப் பட்டியல், முதல் வடிவம், இப்போது கையில் இருக்கிறது. போனவர்கள் பல்லாயிரம், பட்டியலோ மெலிந்தது. இந்த அளவுக்காவது வந்ததற்கு நீங்கள்தான் காரணம்.

இதே பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கும் அதிகம். அவர்களுடைய அதிகாரிகள் முகாமுக்கு முகாம் பேரேடு வைத்திருந்தார்கள். பட்டியல்களை டப்பாவில் அடைத்துப் புதைகுழிக்குள் ஒளித்தும் வைத்தார்கள். 1945 செப்டம்பரில் கல்லறை தேடும் குழு பாதை நெடுகப் போனபோது அவை கைகொடுத்தன. அதனால்தான் காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசாயாட் போர்க் கல்லறைத் தோட்டங்களில் கல்லில் பெயர் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது மதிப்பீடுதான், யாரும் எண்ணிப் பார்த்து எழுதிய கணக்கு அல்ல. தோட்டத்தில் தினமும் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) எடுத்த ஆளுக்கு ரயிலில் ஏறிய பிறகு பெரட்டு இல்லை.

ஆகவே முதல் நன்றி, பழைய செக்ரோல் (வருகைப் பதிவு) புத்தகங்களைப் பத்திரப்படுத்தியிருந்த கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டாருக்கு. பலருக்கு ஒரே தேதியில் வருகைக்குறி நின்றுபோன பக்கம்தான் நமக்கு ரயில் ஏறிய நாள். ஆனால் குறி நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஓடிப்போனவருக்கும் நோயில் செத்தவருக்கும் அதேபோலத்தான் நிற்கும். பெயரும் பெரிய வம்பு. ஒரே முனியாண்டியை ஒரே கிராணி ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார். சில இடங்களில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் கங்காணி பெயர் நிற்கிறது. ஆள் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பிரிவு, கங்காணி என்ற நான்கில் குறைந்தது மூன்று ஒத்துவந்தால்தான் பட்டியலில் சேர்ப்பது என்ற விதியைச் சொன்னவரும் ஒரு கிராணியின் மகள்தான். அந்த விதியால் விடுபட்டவர்கள் தனி ஏட்டில் இருக்கிறார்கள்.

ஜப்பானியத் தாள்களை வாசித்துக் கொடுத்தவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 2603 என்றிருந்தால் 660ஐக் கழித்து 1943. ஷோவா (அப்போதைய பேரரசரின் ஆட்சி ஆண்டு) 18 என்றாலும் அதே 1943. இது தெரியாமல் பதினெட்டை வயது என்று எடுத்துக்கொண்டு, முதல் சுற்றில் பலரை இளைஞர்கள் ஆக்கிவிட்டோம். மணியும் அப்படித்தான். ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவில் டோக்கியோ நேரம் ஓடியது; கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால். ‘காலை ஆறு மணிக்கு ரயில்’ என்று தாள் சொல்லும், ‘நடு ராத்திரி, கும்மிருட்டு’ என்று பாட்டி சொல்வார். இரண்டும் சரி.

ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர் இல்லையென்றால் முகாம்களின் கதி என்ன ஆகியிருக்குமோ தெரியாது. பாதை இரண்டு முனையிலிருந்தும் போடப்பட்டது. சயாம் பக்கத்தில் நொங் பிளாடுக்கிலிருந்து தூரம் எண்ணினார்கள். பர்மா பக்கத்தில் தான்பியூசாயாட்டிலிருந்து எண்ணி, அந்த எண்ணையே முகாமுக்குப் பெயராகவும் வைத்தார்கள். ‘அப்பா 105ஆம் கிலோவில் இருந்தார்’ என்றால் அது பர்மா எண். 415இல் 105 போனால் 310; நொங் பிளாடுக்கிலிருந்து அவ்வளவு தூரம். எல்லையில் உள்ள மூன்று பகோடா கணவாய் ஏறத்தாழ 304இல் வருகிறது என்பதால் அந்த முகாம் எல்லைக்கு அப்பால் பர்மாவில். கழிக்காமல் விட்டால் அதே மனிதர் 200 கிலோமீட்டர் தள்ளி சயாமுக்குள் வந்து நிற்பார். தண்டவாளங்கள் சேர்ந்த கொன்குயித்தா 263ஆம் கிலோமீட்டரில். பர்மா பக்கமிருந்து பார்த்தால் 152. அப்புறம், கோன்யூ, சொங்குராய் போன்ற இடங்களில் ஒரே பெயரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முகாம்கள் இருந்தன. எண் இல்லாமல் பெயர் மட்டும் தெரிந்தால் ‘சுற்றுவட்டாரம்’ என்றே பதிய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது இல்லை.

தேதி தெரியாத முதியவர்களிடம் பண்டிகையைக் கேளுங்கள் என்று சொன்ன அக்காமார்களுக்கு வணக்கம். பாதை சேர்ந்தது 1943 அக்டோபர் நடுவில், திறப்புச் சடங்கு 25ஆம் தேதி. அந்த வருடத் தீபாவளி அதற்குச் சில நாள் கழித்து. ‘தீபாவளிக்கு முன்னாடியே பாதை முடிஞ்சிருச்சு’ என்றவர் நாள்காட்டி போலச் சொல்லியிருக்கிறார். ‘வாந்திபேதி வந்த மழை’ என்றால் காலரா பரவிய 1943 மே மாதம் முதல்.

வாந்திபேதிப் பகுதியைச் சரிபார்த்த மருத்துவருக்கும் தாதியருக்கும்: மேல்முகாமின் கழிவு கீழ்முகாமின் குடிநீரில் கலந்தது. கைதிகளின் முகாம்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள், சாப்பாட்டுத் தட்டையும் கொதிநீரில் முக்கினார்கள், வடிநீரில் உப்புக் கரைத்து மூங்கிலில் சீவிய ஊசி வழியே நரம்பில் ஏற்றினார்கள். தமிழர் முகாம்களில் அதைச் செய்யப் பெரும்பாலும் ஆளே இல்லை. 1943 நடுவில் சிங்கப்பூரின் சாங்கி போர்க்கைதி முகாமிலிருந்து கே படை, எல் படை என்று 230 பேரும் 115 பேரும் தொழிலாளர் முகாம்களுக்கு மருத்துவப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போருக்குப் பின் கொடுத்த வாக்குமூலங்களில் முகாம் உண்டு, சாவு எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. செத்தவர்களை எரித்தார்கள் அல்லது ஒரே குழியில் போட்டார்கள். ‘அடக்கமான இடம்’ என்ற கட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னவர் அந்த மருத்துவர்தான்.

பழைய நோட்டு சேர்ப்பவர்களுக்கும் நன்றி. தகரப்பெட்டியில் கிடந்த வாழைமர நோட்டு (ஆக்கிரமிப்புக் காலத்து ஜப்பானியப் பணம்) சயாம் சம்பளம் என்று பல வீடுகளில் நம்பிக்கை. நோட்டில் அச்சிட்ட ஆங்கில எழுத்து ‘எம்’ என்று தொடங்கினால் அது மலாயாவுக்கு அச்சடித்தது. சயாமில் அந்நாட்டு நாணயமான பாட்தான் ஓடியது. ‘பி’ என்று தொடங்கும் ரூபாய் நோட்டு பர்மாவுடையது. அது வீட்டில் இருந்தால் பர்மா பக்கம் தேடலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் பதிய முடியாது.

ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து போருக்குப் பிந்தைய கோப்புகளைப் படியெடுத்தவர்களே, நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒன்று மறக்காது. மலாயாவின் தம்பின்–மலாக்கா கிளைப்பாதையின் தண்டவாளத்தைப் பிடுங்கித்தான் இந்தப் பாதைக்கும் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் சயாம் பக்கத்துப் பாதையைப் பிரிட்டிஷ் அரசு 12,50,000 பவுண்டுக்குத் தாய்லாந்துக்கு விற்றது. பறிகொடுத்த ரயில்வேக்களின் நஷ்டத்துக்கு அந்தப் பணம். இரும்புக்கு ரசீது இருந்தது.

படங்களை 600 டி.பி.ஐ.யில் நகலெடுத்த இளைஞர்களுக்குக் கடைசியாக, ஆனால் மனமார. ஒரு சின்னக் குறை: பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்த படங்களை இனி யாராலும் பிரிக்க முடியாது, சூட்டில் மேல்பூச்சு பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டது. தயவுசெய்து மீதியை அப்படிச் செய்யாதீர்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தையும் உரிக்க வேண்டாம், கண்ணாடியோடே நகலெடுக்கலாம்.

அசல்கள் எல்லாம் அமிலமில்லாத காகித உறையில், தனித்தனியாக, இந்த மாதமே உங்கள் வீடு திரும்புகின்றன. உறையின் மேல் பென்சிலில் பட்டியலின் வரி எண் இருக்கும். எழுத்துப்பிழை இருந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தகப்பன் பெயரை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
பெயர்ப் பட்டியல் தொகுப்பாளர்கள்