தூரமும் பயண நேரமும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானத்துக்கு நம்மிடம் டிக்கெட் எடுத்த சிலர், நேரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டதாகப் புகார் எழுதுகிறார்கள். பயணத் தாளில் 17 மணி நேரம் என்று போட்டிருந்தோம். அட்டவணையில் இருந்ததோ 18 மணி 40 நிமிடம். தவறு எங்களுடையதுதான். 15,349 கிலோமீட்டரை மணிக்கு 900 என்ற வேகத்தால் வகுத்து அப்படியே அச்சடித்துவிட்டோம். விமானம் வாயிலை விட்டு நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, மேலேறி, கடைசியில் அந்தப் பக்க வாயிலில் நிற்கும்வரை எல்லாமே பயண நேரம். இனி அந்தக் கணக்கைத்தான் தருவோம்.

ஆனால், "காசு பார்க்கச் சுற்றுவழி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்" என்று பரவும் பேச்சுதான் மனதை வருத்துகிறது. இருக்கைத் திரையில் கோடு வளைந்து போவதைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒரு உருண்டை உலக மாதிரியை எடுத்து, சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையை வைத்து நியூயார்க் வரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் சீனா, சைபீரியா வழியாக வட துருவத்தை ஒட்டிப் போகும். அதுதான் குறுகிய வழி. சுவர் வரைபடத்தில் அரேபியா, ஆப்பிரிக்கா மேலாகப் போடும் நேர்க்கோடு அதைவிட நீளம். 15,349 என்பது அந்த நூலின் அளவு.

விமானம் அந்த நூலிலும் அப்படியே போகாது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பலமானது. லண்டன்–நியூயார்க் சுமார் 5,540 கி.மீ.; போக 8 மணி, திரும்ப 7 மணி பிடிப்பது அதனால்தான். சிங்கப்பூரிலிருந்து பசிபிக் மேலாகப் போனால் தூரம் கூடும்; ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளும். வான்வெளி மூடினாலும் வழி மாறும்: 2022இல் ரஷ்ய வான்வெளி மூடியதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணியானது. வழியை முடிவு செய்வது விமான நிறுவனம், அதுவும் அன்றன்றைக்கு. டிக்கெட் போடுபவர்கள் கையில் அது இல்லை.

இன்னொரு குழப்பம், அலகு. 8,288 கடல் மைல், 9,537 மைல், 15,349 கி.மீ. மூன்றும் ஒரே தூரம். தாளில் இனி கிலோமீட்டர் மட்டும் இருக்கும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூரில் இரவு 11:35க்குக் கிளம்பி நியூயார்க்கில் மறுநாள் விடிகாலை 5:15க்கு இறங்குவதாக இருந்தால், 5 மணி 40 நிமிடம் என்று எண்ணிவிடாதீர்கள். நியூயார்க் 13 மணி நேரம் பின்னால் இருக்கிறது; அதையும் கூட்டினால்தான் 18 மணி 40 நிமிடம் வரும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அந்த வித்தியாசம் 12 மணி நேரம். அழைக்க வருபவரிடம் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.

தவறைச் சுட்டிக்காட்டி எழுதியவர்களுக்கும், இத்தனைக்கும் பிறகு அடுத்த பயணத்துக்கு நம்மிடமே வந்தவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பழைய தாள் வைத்திருப்பவர்கள் அனுப்பினால் திருத்திய தாள் உடனே தருகிறோம். பயணத் தேதியை மாற்றுவதற்கான சேவைக் கட்டணம் அடுத்த மாதத்திலிருந்து சற்றுக் கூடுகிறது. இரவு 9 மணிக்கு மேல் தொலைபேசி எடுக்க இப்போதைக்கு ஆள் இல்லை.

அன்புடன்,
உரிமையாளர்