2025ஆம் ஆண்டுக்கான செயலாளரின் ஆண்டறிக்கை: உருளைக்கிழங்கும் அதன் வேரடிப் புழுவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, ஆசிரியர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மலைக்காய்கறி விவசாயிகள் சங்கத்தின் இவ்வாண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சந்தா, வரவு செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தம் அறிக்கையில் வாசிப்பார். மாதக் கூட்டங்கள், மழை கடுமையாக இருந்த காலம் நீங்கலாக, வழக்கம்போல் நடைபெற்றன. சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒரு தனிப்பணியை ஒப்படைத்திருந்தது. உருளைக்கிழங்கு பற்றி உலக ஆய்வுக்கூடங்களில் அண்மைக்காலத்தில் கண்டறியப்பட்டவற்றைத் தேடிப் படித்து, நீலகிரி மண்ணுக்கு அவற்றால் ஆகக்கூடியது என்ன என்பதை உறுப்பினர்களுக்குத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்பதே அப்பணி. இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

படித்தவற்றுள் நம் நிலத்தை நேரடியாகத் தொடுவது, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு பற்றிய ஆய்வு. தங்க நூற்புழு என்று நம்மவர்கள் சொல்லும் இப்புழுவை, இங்கிலாந்தைச் சேர்ந்த நூற்புழு அறிஞர் ஜோன்ஸ் 1961ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் கண்டறிந்தார். இந்தியாவில் அதுவே முதற்பதிவு. அதன் விளைவாக நம் விதைக்கிழங்கு வெளியிடங்களுக்குச் செல்ல விதிக்கப்பட்ட தடையை இங்குள்ள மூத்தோர் அனைவரும் அறிவர். பின்னாளில் பழனி மலையிலும், அண்மையில் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய வடக்கு மலைப்பகுதிகளிலும் இது இருப்பது தெரியவந்ததால், நம் மலையின் துன்பமாக மட்டும் இருந்தது இன்று நாட்டின் விதைக்கிழங்கு உற்பத்தியையே அச்சுறுத்தும் சிக்கலாகிவிட்டது.

இப்புழுவின் வலிமை அதன் பொறுமையில் இருக்கிறது. பெண் புழு வேரில் ஒட்டியபடியே பருத்து, இறந்தபின் அதன் தோலே கடினமான கூடாக மாறி, நூற்றுக்கணக்கான முட்டைகளை உள்ளே வைத்துக் காக்கிறது. அரை மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தக் கூடு, உருளைக்கிழங்கே பயிரிடாத நிலத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிர்ப்புடன் கிடக்க வல்லது. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி ஆகியவற்றின் வேர் அருகில் வளர்ந்தால்தான் அதன் முட்டைகளுள் பெரும்பாலானவை பொரிகின்றன. வேறு பயிர் இருக்கும் ஆண்டுகளில் ஒரு பகுதி மட்டுமே தானாகப் பொரிந்து, உணவின்றி மடிகிறது. கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என்று நாம் செய்யும் பயிர்ச்சுழற்சி பயன் தருவதும், ஆனால் முழுமையாகக் காப்பாற்றாததும் இதனால்தான்.

வேர் அருகில் இருப்பது முட்டைக்குள் இருக்கும் புழுவுக்கு எப்படித் தெரிகிறது? முட்டைக்குள் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரை செறிந்த நீர்மம் நிறைந்திருப்பதால், அதில் கிடக்கும் இளம்புழு நீரிழந்து, அசைவற்று இருக்கிறது. வேரிலிருந்து கசியும் ஒரு வேதிப்பொருள் முட்டை ஓட்டைத் தொட்டதும் ஓட்டின் உட்படலம் இளகி, சர்க்கரை வெளியேறி, நீர் உட்புகுந்து, புழு உயிர்ப்புடன் அசையத் தொடங்குகிறது; பிறகு தன் வாயிலுள்ள ஊசியால் ஓட்டைக் கிழித்து வெளியே வந்து வேரைத் தேடுகிறது. ஆகவே அந்த வேதிப்பொருளை அறிந்தவர், புழு எழும் நேரத்தையே தம் கையில் எடுத்துக்கொள்ள வழியுண்டு என்பது வேதியியலாளர்களின் நெடுநாள் எண்ணம்.

சொலனோஎக்லெபின் ஏ எனப் பெயரிடப்பட்ட அப்பொருளை நெதர்லாந்து அறிஞர்கள் பிரித்தெடுத்து, எக்ஸ் கதிர் வழியாக அதன் கட்டமைப்பை 1999இல் வெளியிட்டனர். மூன்று அணுக்கள் கொண்ட வளையம் முதல் ஏழு அணுக்கள் கொண்ட வளையம் வரை எல்லா அளவு வளையங்களும் ஒரே மூலக்கூறில் பின்னிக் கிடப்பதால், அதைச் செயற்கையாக உருவாக்குவது கரிம வேதியியலின் கடினமான பணிகளுள் ஒன்றாயிற்று. 2011இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் டனினோ தலைமையிலான குழு அதைச் செய்து முடித்தது. வியக்கத்தக்க சாதனைதான்; ஆனால் அத்தனை படிகள் கடந்து கிடைக்கும் பொருளை மூட்டையில் வாங்கி ஏக்கர் கணக்கில் தூவலாம் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது என்பதையும் நம் கூட்டத்தில் தெளிவாகவே சொன்னோம்.

இதற்கு அடுத்த திருப்பம் 2023இல் வந்தது, அதை விளக்கவே நம் இரு மாதக் கூட்டங்கள் செலவாயின. கோபே பல்கலைக்கழக அறிஞர்களை உள்ளடக்கிய ஜப்பானியக் குழு ஒன்று, இலையும் தண்டும் இல்லாமல் வேர் மட்டும் குடுவையில் வளரும் முறையில் உருளைக்கிழங்கு, தக்காளி வேர்களை வளர்த்து, அவை வெளியிடும் நீர்மத்தை ஆராய்ந்தது. செடி நேரடியாக உண்டாக்குவது சொலனோஎக்லெபின் பி என்ற இன்னொரு பொருள் என்றும், அது வேரை விட்டு வெளியேறிய பிறகே அங்குள்ள உயிரிகளால் சொலனோஎக்லெபின் ஏ ஆக மாற்றப்படுகிறது என்றும் அவர்கள் காட்டினர். புழுவை எழுப்பும் குரல் செடியிடம் தொடங்கினாலும், அது முழுமை பெறுவது செடிக்கு வெளியே. நம் தோட்டத்து மண்ணின் உயிர்ச்சத்தைப் பற்றிப் பேசும்போது நல்ல நுண்ணுயிர், கெட்ட நுண்ணுயிர் என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். இந்த ஆய்வு அந்தப் பேச்சில் நமக்கு இன்னும் நிதானம் வேண்டும் என்று எனக்குத் தோன்றச் செய்தது.

அதே குழு தக்காளியில் இப்பொருளை உண்டாக்கும் ஐந்து மரபணுக்களையும் அடையாளம் கண்டது. அவற்றுள் மூன்று டைஆக்சிஜனேஸ் வகை நொதிகளுக்கும், இரண்டு சைட்டோகுரோம் பி450 வகை நொதிகளுக்கும் உரியவை. அம்மரபணுக்களில் ஒன்றைச் சிதைத்தாலும் வேர்நீரில் சொலனோஎக்லெபின் பி காணப்படவில்லை. அந்நீர் புழு முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் திறனும் பெரிதும் குறைந்தது. புழுவுக்குத் தன் இருப்பைத் தெரிவிக்காத உருளைக்கிழங்கை உருவாக்க முடியும் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறக்கிறது.

இங்கே நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய வினாவைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எழாத புழு சாவதில்லையே, அது மண்ணில் காத்துத்தானே கிடக்கும் என்று அவர் கேட்டார். அந்த வினா முற்றிலும் நியாயமானது. குரல் கொடுக்காத செடி நம் பயிரைக் காக்கும். நம் மண்ணைத் தூய்மைப்படுத்தாது. மண்ணைத் தூய்மைப்படுத்த வேண்டுமானால், பயிர் இல்லாத நேரத்தில் புழுவை எழுப்பிப் பட்டினியால் மடியச் செய்ய வேண்டும். ஐரோப்பாவில் இதற்காக முட்கள் நிறைந்த ஒரு கத்தரிக் குடும்பச் செடியைப் பொறிப்பயிராக வளர்க்கிறார்கள். அது புழுவை எழுப்புகிறது, ஆனால் பெருக விடுவதில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த வாட்டில் மரமும் உண்ணிச்செடியும் நம் புல்வெளிகளையும் சோலை ஓரங்களையும் என்ன செய்தன என்பதைக் கண்டவர்கள் நாம். எனவே அயல்நாட்டு முட்செடியை இங்கே பரப்பும் எந்த யோசனையையும் சங்கம் ஆதரிக்கக் கூடாது என்பது செயற்குழுவின் ஒருமித்த கருத்து.

எதிர்ப்பு இரகங்கள் பற்றியும் விரிவாகப் பேசினோம். ஹெச்1 என்னும் மரபணு உள்ள செடியில், புழு வேருக்குள் நுழைந்து தனக்கு உணவூட்டும் செல்திரளை அமைத்ததும், அதைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே மடிந்து அதைத் துண்டித்துவிடுகின்றன. பெண் புழு வளர வழியின்றிப் போகிறது. உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் இம்மரபணு, பொன்னிறக் கூடு கட்டும் இனத்துக்கு எதிராகவே வேலை செய்கிறது. நீலகிரியில் வெளிறிய நிறக் கூடு கட்டும் இன்னொரு இனமும் உள்ளது. 1968இல் வெளியிடப்பட்ட குஃப்ரி ஜோதி இரகத்தை நம்மில் பலர் இன்னும் கைவிடாத நிலையில், இவ்விரு இனங்களையும் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா 1985 முதலே இருந்தும் அதே அளவுக்கு இடம்பெறவில்லை. சந்தையில் விலை கிடைக்காத இரகத்தை விவசாயி ஏற்கமாட்டார் என்ற உண்மையை ஆராய்ச்சியாளர்களிடம் நாம் மரியாதையோடும் உறுதியோடும் சொல்லியாக வேண்டும். எந்த நிலத்தில் எந்த இனம் இருக்கிறது என்பதை இன்று பிசிஆர் எனப்படும் மரபணுச் சோதனையால் பிரித்தறிய முடியும் என்பதால், இரகத்தைத் தேர்வு செய்யும் முன் அந்த விவரம் நம் கைக்கு வந்துசேர வேண்டும்.

செடியின் சொந்த மரபணுவையே குறித்த இடத்தில் மாற்றும் மரபணுத் திருத்தம் பற்றிய கேள்விகள் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தன. அயல் மரபணு எதுவும் எஞ்சாத சில வகைத் திருத்தங்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்குரிய கடும் விதிகளிலிருந்து 2022இல் நடுவண் அரசு விலக்களித்தது. 2025 மே மாதத்தில் அவ்வகையில் உருவான இரு நெல் இரகங்கள் அறிவிக்கப்பட்டன. நெல்லில் ஆனது கிழங்கிலும் உடனே ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு. நெல்லில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு நகல்கள். நாம் பயிரிடும் உருளைக்கிழங்கில் 48 குரோமோசோம்களில் நான்கு நகல்கள். நான்கையும் ஒருசேரச் சிதைத்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். மேலும் திருத்தத்துக்காகச் செலுத்திய கருவி மரபணுவை நெல்லில் அடுத்த தலைமுறை விதையில் நீக்கிவிடலாம். கிழங்கை விதை வழியாகக் கொண்டுபோனால் அந்த இரகமே கலைந்துவிடும். ஆகவே செல்சுவர் நீக்கிய தனிச் செல்களில் கருவிப் புரதத்தை நேரடியாகச் செலுத்தி, அச்செல்லிலிருந்து முழுச்செடியை வளர்த்தெடுக்கும் நுட்பமான வழியை ஆய்வுக்கூடங்கள் மேற்கொள்கின்றன.

2025 ஜூலை இறுதியில் வெளியான இன்னோர் ஆய்வை மாணவர்களுக்காகவே சிறப்புக் கூட்டம் வைத்து விளக்கினோம். சுமார் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, தக்காளியின் மூதாதைச் செடியும், இடியூபரோசம் எனப்படும் கிழங்கற்ற தென் அமெரிக்கச் செடி இனமும் இயற்கையில் கலந்ததால் உருளைக்கிழங்குக் குடும்பமே தோன்றியது என்று, நூற்றுக்கணக்கான மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு ஹுவாங் சான்வென் குழுவினர் காட்டினர். கிழங்கு விடத் தொடங்கு என்ற கட்டளையைத் தரும் எஸ்பி6ஏ மரபணு தக்காளி வழியாகவும், கிழங்காக மாறும் நிலத்தடித் தண்டின் வளர்ச்சிக்கு வேண்டிய ஐடி1 மரபணு மற்ற வழியாகவும் வந்திருக்கின்றன. தாய் தந்தை இரண்டுமே கிழங்கு விடாத செடிகள். இதைக் கேட்ட மாணவர்கள் கேட்ட கேள்விகள் ஆசிரியர்களையும் நெடுநேரம் அமர்த்திவைத்தன.

அவர்களுக்காகச் செய்முறை ஒன்றும் நடத்தப்பட்டது. அறுவடை முடிந்த நிலத்து மண்ணை நிழலில் உலர்த்தி, நீரில் கலக்கினால், உலர்ந்த கூடுகள் மிதக்கும். அவற்றை வடிதாளில் எடுத்து உருப்பெருக்கியால் பார்க்கலாம். தங்கள் வீட்டு நிலத்தின் மண்ணையே கொண்டுவந்து பார்த்ததால், பவர் டில்லரையும் மண்வெட்டியையும் காலணியையும் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கழுவாமல் கொண்டுபோகக் கூடாது என்பதைப் பிள்ளைகளே வீட்டில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. முதலாவது, கார்போகப் பருவ விதைப்புக்கு முன்பாக உறுப்பினர் நிலங்களின் மண் மாதிரிகளைத் திரட்டி, புழுவின் இனத்தைக் கண்டறிந்து தருமாறு முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு விண்ணப்பிப்பது. இரண்டாவது, பொரிப்பு வேதிப்பொருள் குறைந்த செடிகளைப் பற்றிய ஆய்வு இந்தியாவில் மேற்கொள்ளப்படும்போது, அதன் கள ஆய்வுகளில் நீலகிரி மண்ணும் இங்குள்ள இரு புழு இனங்களும் இடம்பெற வேண்டும் என்று கோருவது. மூன்றாவது, இவ்வாண்டு விளக்கங்களை எளிய தமிழில் சிறு நூலாக அச்சிட்டு, ஒவ்வோர் ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் வழங்குவது. கடைசித் தீர்மானத்துக்கான செலவு மதிப்பீட்டைப் பொருளாளர் தனியே தருவார்.

கூட்டங்களுக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், கலைச்சொற்களைச் சரிபார்த்து உதவிய ஆசிரியர்களுக்கும், மண் மாதிரிகளைத் திரட்டிய இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையையும் மூன்று தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்