சனிக்கிழமை ஜூம் கூட்டத்தில் உதவியவருக்கு

உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைபேசி மாடலின் பெயர்தான் தெரிந்தது. அதனால் இங்கே நன்றி சொல்கிறேன்.

மேடையில் பேசிப் பழகிய என் குரல் அன்று எதிரொலித்துக்கொண்டே இருந்தது. "ஐயா, பக்கத்தில் இன்னொரு போனிலும் இதே கூட்டம் ஓடுகிறதா?" என்று எனக்கு மட்டும் செய்தி அனுப்பினீர்கள். ஓடியது. ஒரு கருவியின் ஸ்பீக்கர் ஒலியை மற்றதன் மைக் பிடித்துத் திருப்பி அனுப்பும். மைக்கை மட்டும் அணைத்தால் போதாது, ஸ்பீக்கரையும் அணைக்க வேண்டும் என்றீர்கள்.

அதோடு விட்டுவிடவில்லை. தேவாரப் பாடலை ஒலிக்கவிடும் முன்பே, திரையைப் பகிரும்போது 'ஒலியையும் பகிர்' கட்டத்தில் டிக் போடச் சொன்னீர்கள். போடாவிட்டால் படம் போகும், பாட்டு போகாது. தம்புராவின் சீரான சுருதியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து ஜூம் வெட்டிவிடும், நேரில் மீட்டினால் 'அசல் ஒலி' அமைப்பை இயக்குங்கள் என்றும் சொன்னீர்கள். எத்தனை கச்சேரி இதனால் கெட்டிருக்கும்!

ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி உட்காருவது, லேப்டாப்பின் கீழே நாலு தடிப் புத்தகம் அடுக்கிக் கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவருவது, எல்லாம் இடைவேளையில் நீங்கள் சொன்னவை.

ஆனால் மறக்க முடியாதது வேறு. எல்லோரும் கேமராவை அணைத்திருந்தபோது, கேட்காமலே உங்களுடையதைப் போட்டுக் கடைசிவரை தலையசைத்துக்கொண்டிருந்தீர்கள். பேசுகிறவருக்கு அந்த ஒரு முகம் போதும்.

இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.