குன்னூர்க் கடைக்காரனுக்கு

அன்புள்ள மாப்ளே,

இங்கே கோத்தகிரியில் எல்லோரும் சுகம். பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? கேத்தி மாமா இன்னும் உன் கடையில் ஓசி வர்க்கிதானா?

கடைச் சரக்கை உற்பத்தியாளர் வாரியாகப் பிரித்துக் கணினியில் ஏற்ற நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்து வயிறு கலங்கிவிட்டது. உற்பத்தியாளர் கட்டத்தில் எல்லாம் சப்ளையர் பெயர்! செய்கிறவன், பாக்கெட் போடுகிறவன், உன்னிடம் இறக்குகிறவன், மூவரும் வேறு ஆட்களாக இருக்கலாம்டா. நீலகிரித் தைலத்தில் இது சகஜம். லேபிளைப் பார்த்து மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போடு.

முதலில் உற்பத்தியாளர்களுக்கென்று தனிப் பட்டியல். ஆளுக்கு ஒரு குறியீடு. பெயரை மட்டும் நம்பாதே. 'ஸ்ரீ', 'ஸ்ரி', 'திரு' என்று ஒரே பேக்கரி மூன்று பேராகிவிடும். தின்பண்டத்துக்கு லேபிளில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணையும் சேர். அது இடத்துக்கு இடம் வேறு என்பதால் ஒரே கம்பெனியின் இரண்டு ஆலைகளும் பிரிந்து தெரியும். சின்ன ஆட்களுக்கு எண் 2-இல் தொடங்கும், அது பதிவு. வளர்ந்து உரிமம் வாங்கினால் 1-இல் தொடங்கும் புது எண் வரும். அப்போது பழையதை அழிக்காமல், முடிந்த தேதி போட்டு வை. அழித்தால் பழைய பில்கள் அநாதை.

டேலி கணக்கு சாஃப்ட்வேரில் உற்பத்தியாளரை ஸ்டாக் குரூப்பாக வைக்கச் சொல்வார் உன் கணக்கர். கேட்காதே. குரூப் தேநீர், சாக்லேட், தைலம் என்று சரக்கு வகைக்கு இருக்கட்டும், ஜி.எஸ்.டி.க்கான சரக்குக் குறியீடான எச்.எஸ்.என். அங்கே போடலாம். உற்பத்தியாளரை ஸ்டாக் கேட்டகரியில் வை. ஒரு பொருளுக்கு ஒரு கேட்டகரிதான். அதனால் அதே டீத்தூள் இரண்டு ஆலையிலிருந்து வந்தால் இரண்டு பொருளாகத் திற. பேட்ச் வாரியாக உற்பத்தியாளரைக் கேட்கும் சாஃப்ட்வேர் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கு. இல்லாவிட்டால் பையன் என்டர் தட்டித் தட்டி, எல்லாப் பேட்சும் முதல் ஆள் தலையில் விழும்.

பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று மாமா அடித்துச் சொல்வாரே, நம்பாதே. அந்த எண்ணை, பார்கோடு எண் வழங்கும் ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பு கொடுத்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எந்த ஆலை என்று பார்கோடு சொல்லாது.

விளையாட்டில்லாமல் ஒன்று. உதிரி சாக்லேட்டை இரண்டு பேரிடம் வாங்கி ஒரே தட்டில் கொட்டுகிறாய். ஒருவரின் பேட்ச் கெட்டுப்போனால் முழுத் தட்டையும் குப்பையில் போடவேண்டும். எந்த சாஃப்ட்வேராலும் அதைப் பிரிக்க முடியாது. தட்டுக்கு ஒரு ஆள், ஒரு பேட்ச் சீட்டு. இதை இன்றைக்கே செய்.

மற்றது ஏப்ரல் சீசன் கூட்டம் ஏறுவதற்குள் முடியட்டும். ஸ்டாக் எடுக்கும் ஞாயிறு எதுவென்று சொல், வருகிறேன். டீக்காசு உன்னது.

அன்புடன்,
உன் மாப்ளே