மகளுக்கு: அந்த உறைகளை இன்றே பிரித்துவிடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேலை போன பிறகு இரண்டு மாதமாக வீட்டுத் தவணை கட்டவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதும், சொன்ன கையோடு "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்று கேட்டுக்கொண்டதும் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். அவள் அழவும் இல்லை, உன்னைக் குறை சொல்லவும் இல்லை. "வருகிற கடிதங்களையெல்லாம் பிரித்துப் பார்க்கிறாளா?" என்று மட்டும் கேட்டாள். ஏன் அதை முதலில் கேட்டாள் என்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உன்னிடம் மறைத்துவிட்டோம். இப்போது அதை மறைப்பது உனக்குச் செய்யும் துரோகமாகிவிடும்.

2010ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூ ஜெர்சி வீட்டை விட்டு நாம் வாடகைக் குடியிருப்புக்கு மாறியபோது உனக்குப் பதினான்கு வயது. நல்ல பள்ளிக்கூடத்துக்காக மாறுகிறோம் என்று உன்னிடம் சொன்னோம். அது உண்மையில்லை, மகளே. வீட்டுக் கடன் பாக்கிக்காக அந்த வீடு ஷெரிஃப் ஏலத்தில், அதாவது நீதிமன்ற உத்தரவுப்படி நடக்கும் ஏலத்தில், போய்விட்டது.

2008 கடைசியில் எனக்கு வேலை போனது. கடன் கொடுத்தவர்களிடமிருந்து வந்த உறைகளை நான் பிரிக்காமல் சமையலறையில் கரண்டிகள் கிடக்கும் இழுப்பறைக்குக் கீழே இருந்த இழுப்பறையில் அடுக்கி வைத்தேன். ஒரு கட்டத்தில் அதை முழுவதுமாக இழுத்துத் திறக்கக்கூட முடியவில்லை. மறு ஆண்டு தவணையைக் குறைத்துத் தரும் அரசுத் திட்டம் வந்ததும் விண்ணப்பித்தேன். 46 பக்கங்களை ஃபேக்ஸ் செய்தேன், மூன்று பக்கம்தான் வந்தது என்றார்கள். மறுபடி அனுப்பினேன், சம்பளச் சீட்டு பழையதாகிவிட்டது என்றார்கள். சோதனைக் காலத் தவணை என்று மூன்று மாதம் கேட்டார்கள், ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினேன். அதே நேரத்தில் அதே கடன் நிறுவனத்தின் இன்னொரு பிரிவு என்மீது நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. சம்மன் கைக்கு வந்தது, பதில் தாக்கல் செய்ய 35 நாள் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, அந்தக் காகிதத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று ஒரு பெண் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவை நம்பி நான் பதில் போடவில்லை. எதிர்ப்பே இல்லாத வழக்காகத் தீர்ப்பாகிவிட்டது. ஆவணங்கள் போதவில்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

அந்த 2010இல் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய 29 லட்சம் வீடுகள்மீது ஃபோர்குளோஷர், அதாவது கடன் பாக்கிக்காக வீட்டைப் பறிக்கும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. நமக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று அப்போது எண்ணி வாய்மூடிக் கிடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. கொரோனா காலத் தடைகளால் 2021இல் அந்த எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு இறங்கியது, தடைகள் நீங்கியதும் ஏறி 2024இல் 3.2 லட்சத்தைத் தாண்டியது. அன்றைய வெள்ளத்தோடு ஒப்பிட்டால் இது சிறு ஓடை என்பார்கள். ஆனால் காரணம் மாறியிருக்கிறது, அதுதான் உன்னைத் தொடுகிற விஷயம். அப்போது தகுதி பாராமல் கொடுத்த கடன்களும் திடீரென்று ஏறிய வட்டியும் வீட்டைப் பறித்தன. இப்போது உன் வட்டி நிலையானது, ஆனாலும் 2,640 டாலராக இருந்த உன் மாதத் தவணை 3,110 டாலராகியிருக்கிறது. ஏறியது எஸ்க்ரோ, அதாவது தவணையோடு சேர்த்து வசூலித்து நிறுவனம் உன் சார்பில் கட்டும் சொத்து வரியும் வீட்டுக் காப்பீடும். நீ இருக்கும் டெக்சாஸில் இரண்டுமே கனமானவை. மாப்பிள்ளையின் ஒரு சம்பளத்தில் இதைத் தாங்க முடியாமல் போனது உங்கள் ஊதாரித்தனம் இல்லை.

எங்களைப் போன்றவர்கள் பட்ட பாட்டிலிருந்து சில சட்டங்கள் பிறந்தன. நாட்டின் மிகப் பெரிய ஐந்து அடமானக் கடன் நிறுவனங்கள், படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரங்கள் முதலான முறைகேடுகளுக்காக, 2012இல் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் 2,500 கோடி டாலர் உடன்பாட்டுக்கு வந்தன. 2014 ஜனவரி 10ஆம் நாள் முதல், நீ குடியிருக்கும் வீட்டின் கடன் 120 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் ஒழிய ஃபோர்குளோஷரின் முதல் நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது என்பது மத்திய விதி. தவணை தவறி 36 நாளுக்குள் உன்னோடு நேரடியாகப் பேச சர்வீஸர், அதாவது உன் தவணையை வசூலித்துக் கடன் கணக்கைப் பார்க்கும் நிறுவனம், முயல வேண்டும். 45 நாளுக்குள் உனக்கு என்னென்ன வழிகள் உண்டு என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆக, அந்தக் கடிதம் உன் வீட்டில் பிரிக்கப்படாத உறைகளில் ஒன்றில் ஏற்கெனவே இருக்கலாம்.

இனி நான் சொல்வதை நீ மாப்பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு முறை படிக்க வேண்டும். முழுமையான உதவி விண்ணப்பம், அவர்கள் மொழியில் லாஸ் மிட்டிகேஷன் விண்ணப்பம், ஏல நாளுக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டால், அதைப் பரிசீலித்து முடிக்கும் வரை அவர்கள் வீட்டை ஏலம் விடக் கூடாது. 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு நேர்ந்ததுபோல ஒரு கையால் விண்ணப்பத்தை வாங்கி மறு கையால் வீட்டை விற்பதை இந்த விதிதான் தடுக்கிறது. ஆனால் டெக்சாஸில் ஏல அறிவிப்பு ஏலத்துக்கு 21 நாள் முன்னதாக வந்தாலே சட்டப்படி போதும். 37க்கும் 21க்கும் உள்ள இடைவெளியைப் பார். ஏல அறிவிப்பைக் கண்ட பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பின் கதவு பெரும்பாலும் அதற்குள் மூடியிருக்கும். ஏல நாள் குறிக்கப்படுவதற்கு முன்பே முழு விண்ணப்பமும் போய்விட்டால், விதி உன்னைத் தாராளமான கால அவகாசம் உள்ளவளாகவே நடத்துகிறது. தவணையை மாற்றியமைக்க மறுத்தால் 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமையும் கிடைக்கிறது. உனக்கு இப்போது கையில் இருப்பது அந்தக் காலம்தான்.

நியூ ஜெர்சியில் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை எடுக்க முடியும், அதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். டெக்சாஸில் பெரும்பாலும் நீதிமன்றமே இல்லை. நீ கையெழுத்திட்ட டீட் ஆஃப் டிரஸ்ட் பத்திரமே அறங்காவலருக்கு விற்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. குடியிருக்கும் வீடென்றால் பாக்கியைத் தீர்க்க 20 நாளாவது கொடுத்து ஒரு கடிதம் வரும். இது 120 நாள் முடிவதற்கு முன்பே வரலாம், வந்தால் பயப்படாதே, ஆனால் தேதியைக் குறித்துக்கொள். பிறகு 21 நாள் அறிவிப்பு. பிறகு ஏதோ ஒரு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில், கவுன்டி என்னும் மாவட்ட நிர்வாகம் குறித்திருக்கும் இடத்தில் ஏலம். அடமானக் கடனுக்காக ஏலம் போன வீட்டைப் பிறகு பணம் கட்டி மீட்கும் உரிமையை அந்த மாநிலம் தரவில்லை. இன்னொன்று: பதிவுத் தபாலை வாங்காமல் விட்டால் அறிவிப்பு செல்லாது என்று உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். தவறு. உன் முகவரிக்குச் சரியாகத் தபாலில் சேர்த்த கணமே அறிவிப்புக் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தபால் நிலையத்தில் கிடக்கும் அந்தக் கடிதத்தை நாளையே போய் வாங்கிவிடு.

உன் கடன் எஃப்எச்ஏ, அதாவது வீட்டுக் கடன்களுக்கான மத்திய அரசு அமைப்பின், காப்பீடு பெற்றதென்றுதான் எனக்கு நினைவு. மூன்றரை விழுக்காடு முன்பணம் கட்டி 2022இல் வாங்கினீர்கள். அப்படியானால் பார்ஷியல் கிளெய்ம் என்ற வழியைப் பற்றிக் கண்டிப்பாகக் கேள். பாக்கித் தொகையைத் தனியாக எடுத்து, வட்டியில்லாத இரண்டாம் கடனாக வீட்டின்மீது வைத்துவிடுவார்கள்; வீட்டை விற்கும்போதோ கடனை முடிக்கும்போதோ அதைத் திருப்பினால் போதும். மீதமுள்ள அசலில் 30 விழுக்காடு வரைதான் என்ற வரம்பு உண்டு, அடிக்கடி பெறவும் முடியாது. உனக்கு வேலை கிடைக்கும் வரை தவணையைத் தள்ளிவைப்பதா, காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பதா என்பதையெல்லாம் அந்த ஒரே விண்ணப்பத்தை வைத்தே பரிசீலிப்பார்கள்.

விண்ணப்பத்தை நிரப்ப யாருக்கும் பணம் கொடுக்காதே. மத்திய வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த ஆலோசகர்கள் இதை இலவசமாகச் செய்து தருகிறார்கள், சர்வீஸரோடு உனக்காகப் பேசவும் செய்கிறார்கள். மூவாயிரம் டாலர் கொடுத்தால் வீட்டைக் காப்பாற்றித் தருகிறேன் என்று ஒருவர் அழைத்ததாகச் சொன்னாயே, கடன் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு உடன்பாட்டைப் பெற்று அதை நீ ஏற்றுக்கொள்ளும் முன் அப்படிக் கட்டணம் வாங்குவது மத்திய விதிப்படி தடை செய்யப்பட்டது. "பத்திரத்தை என் பெயருக்கு மாற்றுங்கள், பிறகு திருப்பித் தருகிறேன்" என்று அவரே நாளை கேட்பார். அவருடைய அழைப்பை இனி எடுக்காதே.

எல்லாம் மறுக்கப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாப்டர் 13 திவால் மனு. மனு பதிவான நொடியிலேயே ஏலம் நிற்கும். பாக்கியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தவணையாகத் தீர்க்கலாம், ஆனால் மாதாமாதம் வரும் புதிய தவணையையும் தவறாமல் கட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கு வருமானம் இருப்பதால் இது சாத்தியம். மனுவுக்கு முன்பே கடன் ஆலோசனை வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமை காலையில் வக்கீலைத் தேடி ஓடினால் கைகூடாது. இன்னொன்று, நீங்களே விற்பது. 2010இல் எங்கள் வீட்டின் விலை கடனைவிடக் கீழே போயிருந்ததால் அந்த வழி அடைபட்டிருந்தது. உனக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். இப்போதே ஒரு தரகரிடம் விலை கேட்டு வை. ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால் தீராமல் மிஞ்சிய கடனுக்காக இரண்டு ஆண்டுக்குள் உன்மீது வழக்குப் போட டெக்சாஸ் சட்டம் இடம் கொடுக்கிறது. கடனுக்கு மேல் விலை போனால், மற்றக் கடன்காரர்களுக்குச் சேர வேண்டியது போக, மிச்சம் உனக்குரியது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். மினசோட்டாவில் வரிப் பாக்கிக்காகப் பறித்த வீட்டை 40,000 டாலருக்கு விற்று, சுமார் 15,000 டாலர் பாக்கி போக மீதியையும் கவுன்டியே வைத்துக்கொண்டது. ஜெரால்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டி அதை எதிர்த்து வழக்காடி, அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளிடமிருந்தும் ஒருமித்த தீர்ப்பு பெற்றார். அந்தத் தீர்ப்பு வந்த அன்று அம்மாவுக்கு அதை நான் வாசித்துக் காட்டினேன். ஏன் என்று இப்போது உனக்குப் புரியும்.

கேட்க மறந்துவிட்டேன்: ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது குடியிருக்கும் வீட்டுக்கான சொத்து வரிச் சலுகை, பதிந்தீர்களா? பள்ளி வரிக்கான அந்த விலக்கை 2023இலேயே 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்திவிட்டார்கள், பிறகும் கூட்டியிருக்கிறார்கள். பதியவில்லை என்றால் விட்டுப்போன காலத்துக்கும் இரண்டு ஆண்டு வரை கேட்கலாம், எஸ்க்ரோ குறையும். வீட்டுக் காப்பீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. நீ விட்டால் சர்வீஸரே ஒன்றை எடுத்து, அதிக விலையை உன் கணக்கில் ஏற்றுவார்.

ஒரு நோட்டு வாங்கு. யாரோடு பேசினாய், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு அழைப்பையும் எழுது. தொலைபேசியில் யார் எவ்வளவு கனிவாக நம்பிக்கை கொடுத்தாலும் அதை எழுத்தில் அனுப்பச் சொல். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த ஐந்து வேலை நாளுக்குள், அது முழுமையா, எந்தத் தாள் குறைகிறது என்று அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆறாம் நாள் காலையில் நீ கேள். எனக்கு அன்று ஒரு நோட்டு இருந்திருந்தால், அந்தப் பெண் பேசிய தேதியையாவது நீதிபதிமுன் வைத்திருப்பேன்.

நீ அனுபவிக்கும் கூச்சம் எனக்குத் தெரியும். அண்டை வீட்டுக்காரர் பார்க்கும் முன் தபால் பெட்டியிலிருந்து உறைகளை உருவிக்கொண்டு வரும் அந்தக் கை என்னுடையதாகவும் இருந்தது. உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ இரண்டு மாதம் காத்திருந்திருக்க மாட்டாய் என்பதுதான் என்னை அரிக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் நானும் அம்மாவும் வருகிறோம். எங்கள் சேமிப்பிலிருந்து எவ்வளவு தர முடியும் என்பதை நேரில் பேசலாம்; ஆனால் அதைப் பாக்கியில் கொட்டும் முன், பார்ஷியல் கிளெய்ம் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிரித்த உறைகளைத் தேதி வாரியாகச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வை. டீட் ஆஃப் டிரஸ்டின் முதல் பக்கத்தில் மேலே எஃப்எச்ஏ கேஸ் எண் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை இன்றிரவே படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா