டிரேட் பிளேட் யாருடைய சவாரிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், தம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) டிரேட் பிளேட், அதாவது சாலை வரி கட்டாத வண்டியைத் தொழிலுக்காக ஓட்ட வாகன வணிகருக்குக் கிடைக்கும் எண் பலகை, மாட்டிய கார்கள் வாரக்கணக்கில் சாலையோரம் நிற்பதாக எழுதியிருந்தார். ஜாலான் ஈப்போ பக்கம் பல ஆண்டுகளாகப் பழைய கார் வாங்கி விற்பவன் நான். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பிளேட்டையே ஒழித்துவிட வேண்டும் என்று அவர் கேட்பதை ஏற்க முடியவில்லை.

எங்கள் கடைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்கு ரோட் டேக்ஸ் முடிந்திருக்கும். சில வண்டிகள் இரண்டு வாரத்தில் விற்றுப்போகும், சில ஆறு மாதம் வெயிலில் காயும். அவற்றைச் சான் சோவ் லின் பட்டறைக்கோ, பெயிண்ட் அடிக்கவோ, புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் பரிசோதனைக்கோ கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சாலை வரி கட்டினால் சின்னக் கடைகள் தாங்காது. இதனால்தான் வாகனம் தயாரிப்போர், பழுதுபார்ப்போர், விற்போர் ஆகியோருக்குத் தொழில் வண்டிகளுக்கென ஒரு பொது உரிமம் வழங்க 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த உரிமத்தின் அடையாளமே டிரேட் பிளேட். தொழிலுக்காகக் கிடைத்த சலுகை அது. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வர அதைப் பயன்படுத்துவது அநியாயம்.

பிரிட்டனில் இதே பிளேட் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அங்கே 1994ஆம் ஆண்டு வாகன வரி, பதிவுச் சட்டம் மூன்று காரியங்களுக்குத் தடை போடுகிறது. ஓர் உரிமத்தை வைத்து ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக் கூடாது. விதிகளில் சொல்லாத காரியத்துக்கு ஓட்டக் கூடாது. அப்புறம், அந்தக் காரியம் நடக்காத நேரத்தில் வண்டியைப் பொதுச் சாலையில் நிறுத்தி வைக்கவும் கூடாது. வாசகர் சொன்ன தாமான் பிரச்சினைக்கு இந்த மூன்றாவது தடை போன்ற ஒன்றே பதில். வண்டி நிறுத்த இடமில்லாதவர் இடத்துக்கு ஏற்றபடி வண்டி வாங்கட்டும். அடுத்தவர் வீட்டு வாசல் அவருடைய கிடங்கு கிடையாது.

சாலையை அடைத்து நிற்கும் காரைவிட, அதை ஓட்டிவரும் பையனை நினைத்தால்தான் எனக்கு வேதனை. இந்தத் தொழிலில் வண்டி எடுத்துப்போய் விடுகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டிய நம் பிள்ளைகள். "தம்பி, இதைச் செராஸ்ல விட்டுட்டு வந்துரு" என்று பிளேட்டைக் கையில் கொடுப்பார் முதலாளி. பையன் கேள்வி கேட்பதில்லை. பிளேட் இருந்தால் எல்லாம் சரி என்று நம்புகிறான். அது சாலை வரிக்கு மட்டுமே பதிலாகும், காப்புறுதிக்கு ஆகாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி (விபத்தில் அடிபடும் மற்றவருக்கு இழப்பீடு தரும் காப்புறுதி) இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்பது சட்டம். வாகன வணிகருக்கென்றே தனிக் காப்புறுதி இருக்கிறது. ஆனால் முதலாளியின் மச்சானை விமான நிலையத்தில் இறக்கிவிடப் போகும்போது ஒரு மோட்டார் சைக்கிளில் இடித்துவிட்டால், அது தொழில் பயணம்தானா என்று காப்புறுதி நிறுவனம் கேட்கும். போலீசார் நிறுத்தினால் சம்மனும் முதலில் ஸ்டியரிங் பிடித்திருப்பவன் கைக்குத்தான் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படித்தான் மாட்டிக்கொண்டான். எந்தக் கடை என்று சொல்ல விரும்பவில்லை. அபராதத்தை அவன் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அவன் அம்மா என் கடைக்கு வந்து அழுதார்.

எங்கள் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்த வண்டி, அதன் சேசிஸ் எண் (வண்டிச் சட்டத்தில் பொறித்த அடையாள எண்), எங்கே, எதற்கு, யார் ஓட்டுகிறார், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதிய பிறகே பிளேட் வெளியே போகும். ராத்திரி அது பூட்டிய அலமாரியில் இருக்கும். வாடிக்கையாளர் ஓட்டிப் பார்க்க விரும்பினால் எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே போவார். இதனால் எங்கள் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

சாலைப் போக்குவரத்து இலாகா இந்த நோட்டுப் புத்தகத்தை எல்லாக் கடைக்கும் கட்டாயமாக்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவரிடம் முதலில் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பிளேட்டைத் தவறாகப் பயன்படுத்தியது தெரிந்தால், ஓட்டிய பையனோடு நிறுத்திவிடாமல் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரையும் விசாரித்து, உரிமத்தைப் பறிக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: வண்டியை எடுக்கும் முன் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் வியாபாரி ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்