கட்டிலில் யூரின் பேக் மாட்டக் கொக்கி பொருத்தித் தரக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
ஆண்கள் வார்டில் இருந்த நோயாளி ஒருவரின் மகன்,
வெல்டிங் தொழிலாளி, காரைக்குடி வட்டம்.
(பெயர், முகவரி, கைப்பேசி எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
உயர்திரு மருத்துவத் துறை உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: அரசு மருத்துவமனை வார்டுக் கட்டில்களில் சிறுநீர்ப் பையும் மற்ற வடிகுழாய்ப் பைகளும் தொங்கவிட உறுதியான கொக்கி பொருத்தித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. வார்டில் நேரில் கொடுத்த மனு. 2. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு (ரசீது நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் மூன்றாவது மனு. முதல் மனுவை வார்டிலேயே எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதை வேலைக்கு லீவு போட்டு, வரிசையில் நின்று கொடுத்து ரசீது வாங்கினேன். இரண்டுக்கும் இன்றுவரை ஒரு வரிப் பதில் இல்லை. தாங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து ஊர்களையும் ஆஸ்பத்திரிகளையும் நன்றாக அறிந்தவர் என்று கேள்விப்பட்டு, நேராகத் தங்கள் பார்வைக்கே கொண்டுவருகிறேன்.

தாங்கள் ஆய்வுக்கு வந்து போன வார்டுதான். மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே இருப்பது. பகலில் பார்த்தால் அங்கே குறை தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. துணைக்கு வந்தவர்கள் இரண்டு கட்டில்களுக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். அவர்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும்தான் நோயாளிகளின் யூரின் பேக்குகள் கிடக்கும்.

என் அப்பாவுக்கு 71 வயது. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுகிற வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டை ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குகிற வேலை. நாற்பது வருடம் அதைச் செய்தார். புராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டதால் வார்டில் சேர்த்தோம். உடனே குழாய் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். டாக்டர்கள் மேலும் நர்சுகள் மேலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன மனுவைப் படித்த ஒருவர் ‘நர்ஸ் மேல் புகாரா?’ என்று கேட்டார். இது நர்ஸ் மேல் புகார் இல்லை. கட்டிலைப் பற்றிய மனு.

1. யூரின் பேக் 2 லிட்டர் பிடிக்கும். நிறைந்தால் இரண்டு கிலோ. அந்த எடையைக் கட்டில் தாங்க வேண்டும். கட்டிலில் மாட்ட இடம் இல்லாததால் குழாய்தான் தாங்குகிறது. குழாயின் மறுமுனை ஆளின் உடம்புக்குள், சிறுநீர்ப்பையில் இருக்கிறது. அது வெளியே வந்துவிடாமல் இருக்க நுனியில் ஒரு சின்ன பலூன், உள்ளே 10 மில்லி தண்ணீர், பெரிய நெல்லிக்காய் அளவு. பை இழுத்தால் அந்த நெல்லிக்காய் சிறுநீர்ப்பையின் வாயில் வந்து முட்டும்.

2. பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேதான் எப்போதும் தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. மேலே தூக்கினால் மூத்திரம் உள்ளே திரும்பிப் போய்க் கிருமி ஏறும். தரையில் கிடந்தால் அடியில் இருக்கும் திறப்பு வழியாகக் கிருமி ஏறும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன என்று வார்டுக்கு வந்த இளம் டாக்டர் ஒருவர் சொன்னார். அமெரிக்காவை விடுங்கள், நம் வார்டு நர்சுகளும் தினமும் இதையேதான் சொல்கிறார்கள். ‘பையைத் தரையில் வைக்காதீங்க, மேலேயும் வைக்காதீங்க.’ சரி, அப்படியானால் எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குத்தான் ஐயா மூன்று மனு.

3. எல்லாரும் கட்டுத் துணியைக் கிழித்துப் பையைக் கட்டில் கம்பியில் முடிந்து வைக்கிறோம். நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். கட்டில் கம்பி தரையிலிருந்து பதினெட்டு அங்குலம். பை, அடி முனையோடு சேர்த்துப் பதினான்கு அங்குலம். பாக்கி நான்கு அங்குலம்தான். துணி முடிச்சு ஈரம் பட்டு இளகி ஐந்து அங்குலம் இறங்கினால் போதும், பை தரையில் உட்கார்ந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு இருந்த பெரியவர் கழிப்பறைக்கு எழுந்தார். ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. அவர் கால் அப்பாவின் குழாயில் மாட்டியது. அவர் தடுமாறி விழுந்தார், விழுந்த வேகத்தில் குழாயும் கூடவே போனது. ‘ஆத்தே’ என்று அப்பா கத்திய சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது. பலூன் சுருங்காமல், அப்படியே உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. போர்வை, ரெக்ஸின் மெத்தை எல்லாம் ரத்தம். பையைத் தூக்கிப் பார்த்தேன், குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்தது. விழுந்த பெரியவர் முழங்கால் சிராய்த்துக்கொண்டு, ‘நான் பார்க்கலையேப்பா, நான் பார்க்கலையே’ என்று விடியும்வரை அழுதார். அவர் மேல் என்ன தப்பு? மறுபடி குழாய் போட மூன்று தடவை முயற்சி செய்தார்கள். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். நாற்பது வருடம் நடுங்காமல் அச்சுத் தூக்கிய கை அது. அன்றைக்கு நடுங்கிய நடுக்கத்தை என்னால் எழுத முடியவில்லை.

4. அதற்கப்புறம் அப்பா பையைக் கீழே விடவே இல்லை. இதுதான் ஐயா என்னை இந்த மனுவை எழுத வைத்தது. ராத்திரி முழுவதும் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தூங்க மாட்டார். ‘யாராவது மிதிச்சிருவாங்க தம்பி’ என்பார். நர்ஸ் வந்து, மேலே வைத்தால் திரும்பி உள்ளே போகும் பெரியவரே, கீழே விடுங்கள் என்று எடுத்துவிடுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி மடிக்கு வந்துவிடும். நான்காவது நாள் குளிர்ஜுரம். மூத்திரத்தில் கிருமி என்றார்கள். ஊசி மருந்து, கூடுதலாக ஒன்பது நாள் படுக்கை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அந்தப் பையைத் தன் துண்டால் மூடி மூடி வைத்துக்கொண்டார். கண்ணாடி மாதிரி பை, உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. அதற்கு முன் அவர் யார் முன்னாலும் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

5. அம்மா ஒரு பழைய பனையோலைக் கொட்டானைக் கொண்டுவந்து, அதில் பையை நிற்க வைத்துக் கட்டில் காலில் கட்டினார். இரண்டு நாள் நன்றாகவே நின்றது. ஓலையைக் கழுவிக் கிருமி போக்க முடியாது என்று எடுக்கச் சொன்னார்கள். அது நியாயம், எடுத்துவிட்டோம். ஆனால் அந்த இரண்டு நாளும் அப்பா படுத்துத் தூங்கினார். அதைப் பார்த்துத்தான் நானே ஒன்று செய்தேன்.

6. செய்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து முழுவதும் படிக்கவும். 6 எம்எம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) ராடு, ஓர் அங்குலப் பட்டை, கையாலேயே திருகும் ஒரு விங் நட்டு. வேறு எதுவும் இல்லை. பட்டையை யூ மாதிரி வளைத்துக் கட்டில் கம்பியைக் கவ்வ வைத்தேன். வார்டில் உருட்டுக் கம்பிக் கட்டிலும் இருக்கிறது, ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) கட்டிலும் இருக்கிறது, அதனால் வாயை இரண்டையும் பிடிக்கிற அளவுக்கு விட்டிருக்கிறேன். வாயின் உள்பக்கம் ரப்பர் ஒட்டியதால் வழுக்காது. கீழே இரண்டு கொக்கி, பையின் இரண்டு ஓட்டைக்கும் சரியான இடைவெளியில். கொக்கி நுனியை உள்பக்கமாக ஒரு சுற்றுச் சுருட்டிவிட்டேன். பையைத் திருப்பித்தான் கழற்ற முடியும், கால் பட்டாலோ கட்டிலைத் தள்ளினாலோ தானாகக் கழன்று விழாது. கொக்கி கம்பியை ஒட்டியே இருக்கிறது, அந்த நான்கு அங்குலம் வீணாகவில்லை. பைக்கு வெளிப்பக்கம் ஒரு வளைவுக் கம்பி கொடுத்திருக்கிறேன். யார் கால் வந்தாலும் முதலில் அந்தக் கம்பியில்தான் படும், குழாயில் படாது. குழாய் தொங்கிச் சுருண்டுகொள்ளாமல் படுக்கை ஓரத்தில் பிடித்து வைக்க ஒரு கிளிப். முனைகளையெல்லாம் கிரைண்டர் போட்டு, பஃபிங் செய்து, என் அம்மாவின் பழைய சேலையை இழுத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட மாட்டவில்லை.

எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். தலைப்பக்கம் தூக்கும் பலகையிலோ, ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியிலோ மாட்டவே கூடாது. அதைத் தூக்கும்போது பையும் சேர்ந்து மேலே போகும், குழாயும் இழுக்கும். முழங்காலுக்குக் கீழே, அசையாத பக்கச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும்.

சாதா இரும்பில் பெயிண்ட் அடித்து மலிவாகச் செய்யலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரால் துடைக்கிற இடம் அது, பெயிண்ட் உரிந்து துருப்பிடித்துவிடும். எஸ்.எஸ். கூட, ப்ளீச்சிங் காய்ந்து நின்றால் புள்ளி விழும், நல்ல தண்ணீரில் ஒரு தடவை துடைக்க வேண்டும். துருவைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். எந்த உலோகம் தாங்கும் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிற ஊர் இது. கேட்கத்தான் ஆள் இல்லை.

7. நான் செய்த கொக்கி அப்பா கட்டிலில் ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் அவர் தூங்கினார். ஆறாவது நாள், வெளி ஆள் செய்த பொருளைக் கட்டிலில் மாட்ட அனுமதி இல்லை என்று கழற்றி, பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். விதி என்றால் விதி, நான் சண்டை போடவில்லை. அனுமதி கேட்டு அன்றே எழுதிக் கொடுத்தேன். அதுதான் முதல் மனு. அனுமதி இல்லை என்றாவது எழுதித் தரக் கூடாதா? அன்று ராத்திரியே பை மறுபடி அப்பா மடிக்குப் போய்விட்டது.

8. இது என் அப்பாவோடு முடிகிற விஷயம் இல்லை. நெஞ்சில் குழாய் போட்டவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே, சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த பாட்டிலையும் தரையில்தான் வைத்திருக்கிறார்கள், சாப்பாட்டு வண்டி அதை உரசிக்கொண்டு போகிறது. வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களின் வடிகுழாய்ப் பையைச் சட்டைப் பொத்தானில் ஊசி குத்தி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பெண்கள் வார்டில் பையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்துக்கொள்கிறார்கள் என்று அம்மா சொன்னார்.

9. செலவு? ஒரு கொக்கிக்குப் பொருள் மட்டும் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். கூலி எனக்கு வேண்டாம்.

ஐயா, மரியாதைக் குறைவாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அரசாங்கம் வீட்டு வாசல்வரை வருகிறது. வார்டுக் கட்டில் கம்பிவரை வர முடியாதா? விலை உயர்ந்த மிஷின் கேட்கவில்லை. ஸ்கேன் கேட்கவில்லை. புதுக் கட்டடம் கேட்கவில்லை. ஒரு கொக்கி. இதற்கும் மதுரைக்குப் போ என்று 90 கிலோமீட்டர் அனுப்புவார்களா? எத்தனை ஆள் குழாயை உருவிக்கொண்டு ரத்தம் கொட்டினால் இந்தப் பேப்பர் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகரும்?

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ. ஒரே ஒரு கட்டிலிலாவது இந்தக் கொக்கியை மாட்டிப் பார்க்க அனுமதி தர வேண்டும். டாக்டர்களும் நர்சுகளும் பார்த்துக் குறை சொன்னால் திருத்தித் தருகிறேன்.

ஆ. சரியாக இருந்தால் எல்லா வார்டுக் கட்டில்களுக்கும் பொருத்த வேண்டும். நான்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. ஐ.டி.ஐ. மாணவர்களை வைத்துச் செய்தாலும் சரி, டெண்டர் விட்டாலும் சரி. அளவுகளை எழுதி, படம் வரைந்து இணைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இ. குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கும் ஒன்று கொடுத்தனுப்ப வேண்டும். வீட்டில் மரக்கட்டிலும் கயிற்றுக் கட்டிலும்தான் இருக்கும், அதற்கு வாய் அகலமாக வேறு ஒன்று செய்ய வேண்டியிருக்கும்.

ஈ. இந்த மனுவுக்காவது பதில் போட வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று. அதையாவது எழுதுங்கள் ஐயா.

அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். குழாய் இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷனுக்காக அதே வார்டில் மறுபடி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தேதி சொன்ன அன்று அவர் ஆபரேஷனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ‘தம்பி, அந்தக் கொக்கியை மாட்ட விடுவாங்களா?’ என்று மட்டும்தான் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கொக்கியையும் இந்த மனுவோடு சேர்த்துத் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: இரண்டாவது மனுவின் ரசீது நகல், அளவுகளுடன் படம், கொக்கி ஒன்று.